நூனவுட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு: 25 ஊர்களையும் மக்களையும் அறிமுகம் செய்துகொள்வது எப்படி?

நூனவுட்டின் அர்வியாட் விமான நிலையத்தில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "நர்ஸா, டீச்சரா?" என்று கேட்டார். கணக்கு வேலைக்கு வந்திருக்கிறேன் என்றேன். "எத்தனை வருஷம்?" என்றார். இரண்டு என்றேன். லேசாகச் சிரித்துவிட்டுத் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. கனடாவின் வடகோடியில் இருக்கும் நூனவுட்டுக்கு ஆண்டுதோறும் தெற்கிலிருந்து செவிலியர், ஆசிரியர், கணக்கர், பொறியாளர் என்று பலர் வருகிறார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு முறையும் புது முகத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. டொரான்டோவிலும் வின்னிபெக்கிலும் இருக்கும் நம்மவர்கள் சிலர் வேலை கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டு, "அங்கே எவ்வளவு குளிர்?" என்று கேட்கிறார்கள். குளிருக்குப் பார்க்கா வாங்கினால் போதும். மனிதர்களைப் பற்றித்தான் முன்கூட்டியே கொஞ்சம் படித்துவிட்டுப் போக வேண்டும்.

1. முதலில் எண்களை மனதில் வாங்குங்கள்

நூனவுட்டின் பரப்பு ஏறக்குறைய 21 லட்சம் சதுர கிலோமீட்டர். கனடாவில் ஐந்தில் ஒரு பங்கு; இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு இடத்தில் 2021 கணக்கெடுப்பின்படி வாழ்கிறவர்கள் 36,858 பேர். நம் பக்கத்து நகராட்சி ஒன்றில் சந்தை நாளன்று திரளும் கூட்டம்தான். அவர்களும் 25 ஊர்களில் சிதறி இருக்கிறார்கள்.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. ஆர்க்டிக் பே என்ற ஊரிலிருந்து மூடிப்போன ஒரு சுரங்கத்துக்குப் போகும் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் சொல்லிக்கொள்ளும்படியான நெடுஞ்சாலை. தெற்கிலிருந்து வரவும் சாலை இல்லை. எல்லாம் விமானம்தான், கோடையில் கப்பல்.

மக்களில் சுமார் 85 சதவீதம் பேர் இனுயிட் என்ற பூர்வகுடிகள். இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 15 வயதுக்குக் கீழே. கனடாவிலேயே மிக இளைய மக்கள்தொகை இங்கேதான். இதை ஏட்டில் படிப்பது வேறு, தெருவில் பார்ப்பது வேறு. மே மாதத்தில் இரவு பதினொரு மணிக்கு வெளிச்சம் இருக்கும், குழந்தைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பார்கள், யாரும் உள்ளே கூப்பிட மாட்டார்கள்.

2. "வடக்கு" என்று பொதுவாகப் பேசுவதை விடுங்கள், உங்கள் ஊரைத் தேடுங்கள்

நூனவுட்டில் மூன்று வட்டாரங்கள். கிழக்கே பாஃபின் தீவும் அதைச் சுற்றியுள்ள தீவுகளும் சேர்ந்தது கிக்கிக்டாலுக். ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரை கிவாலிக். மேற்கே ஆர்க்டிக் கடல் ஓரம் கிடிக்மியோட். மூன்றும் மூன்று நேர மண்டலங்கள். விமானங்களும் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே ஓடுகின்றன: கிக்கிக்டாலுக்குக்கு ஒட்டாவாவிலிருந்தும், கிவாலிக்குக்கு வின்னிபெக்கிலிருந்தும், கிடிக்மியோட்டுக்கு எல்லோநைஃபிலிருந்தும். அதனால் கிவாலிக்கில் உள்ள அர்வியாட்காரருக்கு வின்னிபெக் நன்றாகத் தெரியும். தன் தலைநகரத்தை வாழ்நாளில் பார்க்காமலேயே இருந்திருக்கலாம்.

தலைநகரம் இக்காலுயிட். 2021இல் 7,429 பேர். அமெரிக்கர்கள் 1942இல் அங்கே விமானதளம் போட்டதிலிருந்து வளர்ந்த ஊர், 1987 வரை ஃப்ரோபிஷர் பே என்று பெயர். 1995இல் மக்கள் வாக்களித்துத் தலைநகராக்கினார்கள். பெயருக்கு "மீன்கள் நிறைய உள்ள இடம்" என்று பொருள். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும்போது இந்தப் பெயரில் க்யூ எழுத்துக்குப் பின் பழக்கதோஷத்தில் யு சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் பொருள் "பின்புறத்தைத் துடைக்காதவர்கள்" என்று ஆகிவிடும். பெரிய இடத்து அறிக்கைகளிலேயே இந்தப் பிழை வந்திருக்கிறது. முதல் வாரத்தில் உங்கள் கடிதத்திலும் வந்தால் அலுவலகம் முழுக்கச் சுற்றும்.

இக்காலுயிட்டில் கஃபே உண்டு, டாக்சி உண்டு, 2016இல் திறந்த மசூதி உண்டு, பனிவீடு வடிவத்தில் ஆங்கிலிக்கன் பேராலயம் உண்டு. உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்களைப் பார்க்கலாம். அதை வைத்து மற்ற ஊர்களை எடை போட முடியாது. ரேங்கின் இன்லெட்டிலும் அர்வியாட்டிலும் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பேக்கர் லேக்கில் இரண்டாயிரம். கடலைப் பார்க்காத ஒரே ஊர் அதுதான். கின்காயிட்டில் ஆயிரத்து நானூறு, ஆனால் அந்த ஊரின் அச்சு ஓவியங்கள் 1959 முதல் ஆண்டுத் தொகுப்பாக வெளிவந்து உலக அருங்காட்சியகங்களுக்குப் போகின்றன. வடகோடியில் கிரைஸ் ஃபியர்ட்: 144 பேர். அங்கே ஒரு குடும்பம் இடம் மாறினால் மக்கள்தொகை சதவீதக் கணக்கில் ஆடும்.

வேலை உத்தரவு வந்ததும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஊரின் இனுயிட் பெயர், பழைய ஆங்கிலப் பெயர், அங்கே பேசும் வட்டார மொழி. அர்வியாட் 1989 வரை எஸ்கிமோ பாயின்ட். கின்காயிட் 2020 வரை கேப் டார்செட். பழைய ஆவணங்களில் பழைய பெயர்தான் இருக்கும். ஆனால் மனிதர்களை "எஸ்கிமோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சிறு வயதில் நாம் பாடப் புத்தகத்தில் படித்த சொல், அங்கே வசைச்சொல். ஒருவர் என்றால் இனுக், இருவர் என்றால் இனூக், அதற்கு மேல் இனுயிட். இனுயிட் என்றாலே மக்கள் என்றுதான் பொருள். "இனுயிட் மக்கள்" என்பது நடுசென்டர் மாதிரி.

3. இந்த ஊர்கள் எப்படி உருவாயின என்று தெரிந்துகொண்டு போங்கள்

நேரம் இல்லாதவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விட வேண்டாம்.

இந்த ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மனித ஆயுள்தான் வயது. 1950கள் வரை மக்கள் சிறு சிறு குடும்பக் கூட்டங்களாக, வடதுருவக் கலைமானையும் சீல் என்ற கடல்நாயையும் மீனையும் தொடர்ந்து பருவத்துக்கு ஒரு முகாமில் வாழ்ந்தார்கள். வணிகக் கடை, தேவாலயம், காவல் சாவடி இருந்த இடங்களைச் சுற்றி அவர்களை அரசு குடியேற்றியது. பள்ளிக்கூடம், மருந்து, வீடு, குழந்தைகளுக்கான உதவித்தொகை எல்லாம் அங்கே வந்தால்தான் கிடைக்கும் என்றானது. இன்றைக்குக் கூட்டுறவுக் கடையில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பாட்டி பனிவீட்டிலோ தோல் கூடாரத்திலோ பிறந்தவராக இருக்கலாம். அவருடைய பேத்தி அடுத்த கவுண்டரில் போனில் விளையாடிக்கொண்டிருப்பாள்.

அந்த இடப்பெயர்ச்சி எல்லாம் விருப்பப்பட்டு நடந்ததல்ல. 1953லும் 1955லும் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே ரெசல்யூட்டிலும் கிரைஸ் ஃபியர்டிலும் இறக்கினார்கள். பழகிய காய்களும் விலங்குகளும் இல்லாத இடம், மாதக்கணக்கில் சூரியன் வராத இடம். ரெசல்யூட்டுக்கு இனுயிட் மொழியான இனுக்டிடுட்டில் கௌசுயிட்டுக், "விடியல் இல்லாத இடம்" என்று பெயர். 2010இல் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது.

அர்வியாட்டில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் அஹியார்மியூட். உள்நாட்டில் என்னடாய் ஏரிக்கரையில் கலைமானை நம்பி வாழ்ந்தவர்கள். 1950களில் அவர்களை அரசு பலமுறை இடம் மாற்றியது. பட்டினியில் ஆட்கள் இறந்தார்கள். அதற்கான மன்னிப்பு 2019 ஜனவரியில், அர்வியாட்டிலேயே, பிழைத்திருந்தவர்கள் முன்னால் கேட்கப்பட்டது.

அப்புறம் காசநோய். 1950களில் சி. டி. ஹவ் என்ற கப்பல் ஊர் ஊராக வந்து மக்களை எக்ஸ்ரே எடுக்கும். நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களைக் கரைக்கு இறங்கவிடாமல் அப்படியே தெற்கு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. 1956 வாக்கில் இனுயிட்டில் ஏழு பேருக்கு ஒருவர் தெற்கே சிகிச்சையில் இருந்தார். பலர் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. அந்தக் கல்லறைகளைத் தேடும் வேலைக்கு நனிலாவுட், "அவர்களைக் கண்டுபிடிப்போம்" என்று பெயர். அது 2019இல்தான் குடும்பங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நீங்கள் செவிலியராகப் போகிறீர்கள் என்றால், வின்னிபெக் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தாத்தாவிடம் சொல்லும்போது அவர் ஏன் பதில் பேசாமல் ஜன்னலைப் பார்க்கிறார் என்பது இதைப் படித்திருந்தால் புரியும்.

குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்துவைத்த உறைவிடப் பள்ளிகள் இன்னொரு காயம். செஸ்டர்ஃபீல்ட் இன்லெட்டில் 1955இல் தொடங்கிய விடுதிக்குப் பல ஊர்களிலிருந்து குழந்தைகளைக் கொண்டுபோனார்கள். அங்கே படித்தவர்கள் இப்போதும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகத் தோண்டாதீர்கள்.

இதெல்லாம் சோகக் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இதே தலைமுறைதான் இருபது வருடத்துக்கு மேல் பேச்சுவார்த்தை நடத்தி, 1993இல் நில உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, 1999 ஏப்ரல் 1 அன்று நூனவுட்டைத் தனிப் பிரதேசமாக்கிக் கனடாவின் வரைபடத்தையே மாற்றியது. நூனவுட் என்றால் "எங்கள் நிலம்". சட்டமன்றத்தில் 22 பேர், கட்சி கிடையாது. வென்று வந்தவர்களே கூடி முதல்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். கட்சிக் கொடி இல்லாத தேர்தலை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

4. ஒப்பந்தத்தில் வீட்டைப் பற்றிய வரியை இரண்டு முறை படியுங்கள்

சம்பளம் கண்ணைப் பறிக்கும். அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வீடு உண்டா, அதில் கட்டில் நாற்காலி உண்டா, வாடகை எவ்வளவு, வேலை முடிந்தால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சின்ன ஊர்களில் வாடகைக்கு வீடு தேடிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். எனக்கு வேலை கொடுத்தவர்கள் "வீடு தயார்" என்றார்கள். போய்ப் பார்த்தால் பாதி வீட்டில் வேறொருவர் குடியிருந்தார். எட்டு மாதம் ஒரே அடுப்பில் இரண்டு சமையல்.

புலம்புவதற்கு முன் அக்கம்பக்கம் பாருங்கள். ஊரில் பாதிப் பேர் அரசுப் பொது வீடுகளில் இருக்கிறார்கள். மூன்று படுக்கையறை வீட்டில் மூன்று தலைமுறை, பத்துப் பேர் என்பது சாதாரணம். தூங்குவதற்கு முறை வைத்துக்கொள்கிற வீடுகள் உண்டு. வருடக்கணக்கில் வீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பத்தின் கண்முன்னால்தான் நேற்று வந்த உங்களுக்குச் சாவி கொடுக்கிறார்கள். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். நீங்கள் மறக்காமல் இருந்தால் சரி.

வேலை நியமனத்தில் இனுயிட்டுக்கு முன்னுரிமை உண்டு. 1993 ஒப்பந்தத்தின் 23ஆம் பிரிவு அது: அரசு வேலையில் அவர்களுடைய பங்கு மக்கள்தொகையில் உள்ள பங்குக்கு ஈடாக வேண்டும் என்கிறது. இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறது. இட ஒதுக்கீட்டுச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. உங்கள் வேலையின் ஒரு பகுதி, உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காரப்போகும் ஊர்க்காரருக்குக் கற்றுக்கொடுப்பது.

வரிக் கணக்கு: விற்பனை வரி 5 சதவீதக் கூட்டாட்சி வரி மட்டும், சம்பளத்தில் 2 சதவீதம் பிரதேச வரி பிடிப்பார்கள், வடக்கில் வசிப்போருக்கான வரிக் கழிவை ஆண்டு முடிவில் மறக்காமல் கேளுங்கள்.

5. கப்பலுக்கு முன்னதாகப் பட்டியல் போடுங்கள்

கடையில் விலை தெற்கைவிட இரண்டு மூன்று மடங்கு. எடை கூடிய பொருள்களுக்கு இன்னும் அதிகம். கோடையில் பனிக்கட்டி உடைந்தபின் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் சரக்குக் கப்பல் வரும். சீலிஃப்ட் என்பார்கள். பெரும்பாலான ஊர்களில் துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும், மிதவைகளில் பெட்டிகள் கரைக்கு வரும். ஊரே கடற்கரையில் நிற்கும். வண்டி, சோபா, டயர், ஒரு வருடத்து டாய்லெட் பேப்பர் எல்லாம் அதில்தான்.

வசந்த காலத்திலேயே பதிவு செய்து, மொன்றியால் பக்கத்துத் துறைமுகத்தில் பொருளைச் சேர்த்து, மரப்பெட்டியில் அடைக்க வேண்டும். முதல் வருடம் நான் பொன்னி அரிசி நான்கு மூட்டை, பருப்பு, மிளகாய்த்தூள், கடுகு என்று பார்த்துப் பார்த்து அனுப்பினேன். பெட்டியைத் திறந்த பிறகுதான் புளி வாங்க மறந்தது தெரிந்தது. ஒரு வருடம் எலுமிச்சைச் சாறு பாட்டிலில் ரசம்.

தண்ணீர் பெரும்பாலான ஊர்களில் லாரியில் வரும். வீட்டுக்குள்ளே ஒரு தொட்டி. கழிவுநீருக்கு இன்னொரு தொட்டி, இன்னொரு லாரி. கீழே உறைமண் என்பதால் குழாய் புதைப்பது பெரும்பாடு, வீடுகளும் கம்பங்களின் மேல்தான் நிற்கும். பனிப்புயலில் லாரி வராது. ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். லாரி வந்துபோன மறுநாள் துவைப்பது நல்லது. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் இதில் முதல் நாளே தேறிவிடுவார்கள்.

மின்சாரம் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி டீசல் நிலையத்திலிருந்து.

மது விஷயத்தில் ஒவ்வோர் ஊருக்கும் அந்த ஊர் வாக்களித்துப் போட்ட சட்டம். சில ஊர்களில் முழுத் தடை, சிலவற்றில் குழுவின் அனுமதி, சிலவற்றில் பொதுச் சட்டம் மட்டும். அர்வியாட், பாங்க்னிர்டுங் போன்றவை நெடுங்காலமாகத் தடை உள்ள ஊர்கள். பெட்டியில் ஒரு பாட்டில் இருந்தாலும் குற்றம்தான். புறப்படும் முன் உங்கள் ஊர் எந்த வகை என்று விசாரித்துவிடுங்கள்.

6. முதல் மாதம்: புருவத்தைப் பாருங்கள்

இரண்டாம் நாள் கூட்டுறவுக் கடையில் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் பால் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் பேசாமல் என்னைப் பார்த்தாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் பார்த்தாள். மூன்றாவது முறை சத்தமாகக் கேட்டேன். பின்னால் இருந்தவர் என் தோளைத் தட்டி, "அவள் மூன்று தடவையும் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்" என்றார். புருவத்தை உயர்த்தினால் ஆமாம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. நாம் தலையாட்டுவது உலகத்துக்குப் புரியாததைப் போலத்தான் இதுவும்.

பேச்சில் இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியை நிரப்ப நீங்கள் முந்திக்கொண்டு பேசினால் அவர் சொல்ல வந்தது போய்விடும். கூட்டங்களில் இது ரொம்ப முக்கியம்: பெரியவர் பேசி முடித்துவிட்டார் என்று நாம் நினைக்கும் இடத்தில் அவர் மூச்சுதான் வாங்குகிறார்.

இனிப் பெயர்கள். ஒரு நாள் தபால் அலுவலகத்தில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் நான்கு வயதுச் சிறுமியை "அதாதா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அதாதா என்றால் அப்பா. விசாரித்தேன். பாட்டியின் அப்பா பெயரை அந்தக் குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள். பெயரோடு உறவும் வந்துவிட்டது. பெயருக்கு ஆண் பெண் பேதமும் பார்ப்பதில்லை. பெயரோடு இறந்தவரின் ஏதோ ஒன்று குழந்தைக்குள் வந்து சேர்கிறது என்பது நம்பிக்கை. தாத்தா பெயரை வைத்துக்கொள்கிறவன் பெயரன், அவனே பேரன் என்று சொல்லும் மொழிக்காரனான எனக்கு அங்கே முதன்முதலாக ஊர் கொஞ்சம் நெருங்கி வந்தது. தாத்தா பெயர் வைத்த பிள்ளையை அடிக்கக் கை ஓங்காத மாமியார்கள் நம் வீடுகளிலும் இருந்தார்கள்தானே.

இப்படி உறவும் உயிரும் சேர்ந்த பெயர்களை அரசாங்கத்தால் கோப்பில் அடுக்க முடியவில்லை. அதனால் 1941 முதல் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சிறு வில்லை ஒன்றைக் கொடுத்தார்கள். கிழக்கே இருந்தவர்களுக்கு ஆங்கில ஈ எழுத்தில் தொடங்கும் எண். கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு 1968இலிருந்து 1971 வரை ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர் பதிவு செய்தார். அதனால்தான் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளுக்குக் குடும்பப் பெயர் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். கணக்கு ஏட்டில் பெயர் ஒத்துவரவில்லை என்று நான் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தவறு என்னுடையது. வயதானவர்கள் சிலருக்குத் தங்கள் எண் இன்றும் மனப்பாடம்.

தத்துக் கொடுப்பதும் எடுப்பதும் சாதாரணமாக, வெளிப்படையாக நடக்கும். பாட்டி தன் பேரனையே மகனாக வளர்ப்பார். "உன் உண்மையான அம்மா யார்?" என்று குழந்தைகளிடம் கேட்காதீர்கள், ஆசிரியர்கள் விண்ணப்பப் படிவங்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். நமக்குச் சொல்லித்தர வேண்டாம்.

7. பத்துச் சொற்கள், ஓர் எழுத்துவரிசை

நன்றிக்கு கிக்கிக்டாலுக்கில் குயன்னமீக், கிவாலிக்கில் மத்னா, கிடிக்மியோட்டின் மேற்கே குவானா. தவறான வட்டாரத்துச் சொல்லைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் மகிழ்ச்சியோடுதான். காலை வணக்கம் உல்லாக்குட். எப்படி இருக்கிறீர்கள் என்பதற்குக் கனுயிப்பிட். வெளியூர் வெள்ளைக்காரருக்குக் கல்லுனாட் என்று பெயர். என்னை எதில் சேர்ப்பது என்று அவர்களுக்குள் ஒரு சிறு விவாதமே நடந்தது.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த மொழி ஆங்கிலேயரைவிட எளிதாகப் பிடிபடும் என்பது என் அபிப்பிராயம். இக்லு என்றால் வீடு, எந்த வீடானாலும். இக்லுமி என்றால் வீட்டில். இக்லுமுட், வீட்டுக்கு. இக்லுமிட், வீட்டிலிருந்து. நம் வேற்றுமை உருபு மாதிரி ஒட்டிக்கொண்டே போகிறது. ஒரு முழு வாக்கியம் ஒரே சொல்லாக நீளும். ங என்ற ஒலியும் தாராளமாக வரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த சக ஊழியர்கள் சொல்லின் நடுவே அதோடு மல்லுக்கட்டும்போது நான் கொஞ்சம் பெருமையாக உட்கார்ந்திருப்பேன்.

எழுத்து இன்னும் அழகு. மேல் நோக்கிய ஒரு கூம்பு பி. அதையே வலப்பக்கம் சாய்த்தால் பு. இடப்பக்கம் சாய்த்தால் ப. வடிவம் மெய், அது பார்க்கும் திசை உயிர். தனி மெய் என்றால் அந்த எழுத்தைச் சின்னதாக்கி மேலே எழுதுவார்கள். நமக்குப் புள்ளி, அவர்களுக்குச் சின்ன வடிவம். கிரீ மொழிக்காக 1840களில் ஒரு பாதிரியார் வகுத்த முறை, பிறகு இனுயிட்டிடம் வந்தது. உயிர் மூன்றே மூன்று: இ, உ, அ. ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம். நிறுத்தப் பலகை, கடைப் பெயர் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே நடங்கள், பிள்ளைகள் திருத்துவார்கள். கிடிக்மியோட்டின் மேற்குப் பகுதியில் மட்டும் ரோமன் எழுத்து.

8. சாப்பாடு, வேட்டை, கரடி

கலைமான் இறைச்சி, ஆர்க்டிக் சார் மீன், சீல், திமிங்கிலத் தோலும் கொழுப்புமான மக்டாக். இதற்கெல்லாம் சேர்த்து "நாட்டு உணவு" என்பார்கள். வேட்டையாடியவர் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டார். முதியவர்களுக்கு, விதவைகளுக்கு, ஆண் துணை இல்லாத வீடுகளுக்குப் போகும். ஊர் வானொலியில் அறிவித்துவிட்டு வாசலில் வைத்துக் கூறு போடுவதும் உண்டு. உங்களுக்கும் ஒரு துண்டு வரும். சைவம் என்றால் நன்றி சொல்லி, சாப்பிட மாட்டேன் என்று சிரித்துச் சொன்னால் போதும். சீல் வேட்டை பாவம் என்று மட்டும் தொடங்காதீர்கள். ஐரோப்பா 1983லும் 2009லும் கொண்டுவந்த தடைகளால் தோல் விலை விழுந்து, வேட்டைக்குத் துப்பாக்கி ரவையும் பெட்ரோலும் வாங்கிய பணமே போன குடும்பங்கள் அவை.

ஊர் எல்லையைத் தாண்டித் தனியாக நடக்காதீர்கள். அர்வியாட்டில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பனிக்கரடிகள் விரிகுடா உறையக் காத்துக்கொண்டு கரையோரமாக வடக்கே நடந்து போகும். வழியில் ஊர். இரவில் காவல் வண்டி சுற்றும். 2014இல் ஹாலோவீனுக்குக் குழந்தைகள் வீடு வீடாகப் போவதை நிறுத்தி, ஊர் மண்டபத்துக்குள்ளேயே கொண்டாட்டத்தை வைத்துவிட்டார்கள். வீட்டுக் கதவுகளையும் வண்டிகளையும் பூட்டாமல் விடுவது பலருக்குப் பழக்கம். ஓடுகிறவர் உள்ளே புகுந்துகொள்ளட்டும் என்று.

யாராவது "நிலத்துக்குப் போகலாம் வா" என்று பனியில் ஓடும் ஸ்கிடூ வண்டியில் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். நீங்கள் கடையில் வாங்கிய பார்க்காவைப் பார்த்துவிட்டு அவர்களே வேறு கொடுப்பார்கள். பேசாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

9. இருட்டும் கிளம்புதலும்

டிசம்பரில் அர்வியாட்டில் ஆறு மணி நேரம் போல வெளிச்சம் இருக்கும். இக்காலுயிட்டில் நாலரை மணி நேரம். பாண்ட் இன்லெட்டில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை சூரியன் எழுவதில்லை. வைட்டமின் டி மாத்திரை, கனத்த திரைச்சீலை (கோடையில் தூங்க), யாராவது ஒருவரோடு வாரம் ஒரு முறை சாப்பாடு. இந்த மூன்றும் என்னைக் காப்பாற்றின. ஊர் மண்டபத்தில் கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க விளையாட்டும் சதுர நடனமும் நடக்கும், வேடிக்கை பார்க்க உட்கார்ந்தால் இழுத்துவிடுவார்கள்.

கர்ப்பிணிகள் கவனிக்க: முழு மருத்துவமனை இக்காலுயிட்டில் ஒன்றுதான். சின்ன ஊர்களில் செவிலியர் நடத்தும் சுகாதார மையம். பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே விமானத்தில் அனுப்பிவிடுவார்கள்.

கிளம்பும்போது இரண்டு மாதம் முன்னதாக ஊரில் சொல்லுங்கள். ஸ்கிடூ, அடுப்பு, படுக்கை எல்லாவற்றையும் ஊரிலேயே விற்றுவிடலாம், விலை நியாயமாக வையுங்கள். கடைசி வாரத்தில் பனிப்புயல் வந்து விமானம் மூன்று நாள் நின்றுபோவது சகஜம். வின்னிபெக்கிலிருந்து அடுத்த பயணச்சீட்டை நெருக்கி வாங்காதீர்கள்.

நான் இரண்டு வருடம் என்று போய் ஐந்து வருடம் இருந்தேன். கிளம்பிய நாளும் புயல்தான். விமான நிலையத்தில் இரண்டு பகல் உட்கார்ந்திருந்தோம். மிச்சம் இருந்த அரை மூட்டை பொன்னி அரிசியைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்திருந்தேன். இரண்டாம் நாள் மதியம் அவள் ஒரு பாத்திரத்தில் அதைக் கலைமான் கறியோடு சமைத்து எடுத்து வந்தாள். உப்பு போதுமா என்று கேட்டாள். நான் புருவத்தை உயர்த்தினேன்.